கிழமைக்கு ஒரு நாள் குளிசை

கேள்வி: அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கி, விடியப்புறம் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கையை மடக்க முடியாது. தேங்காய் துருவுவதும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் இப்போது நான்தான். கிளினிக்கில் முடக்குவாதம் என்று சொல்லி மெத்தோட்ரெக்சேட் தந்தார்கள். குளிசை முடிந்து வெளியில் வாங்கப் போன இடத்தில், "இது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தல்லவா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றோடு அம்மா நிறுத்திவிட்டா. பெனடோலும் எண்ணெயும்தான். புற்றுநோய் மருந்தை ஏன் வாதத்துக்குக் கொடுக்கிறார்கள்?
- ஒரு மகள், முள்ளியவளை

பதில்: பிள்ளை, மருந்துக்கடையில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதியை அம்மாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்று ஒரு விஞ்ஞானி. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஸ்புரூ என்ற குடல் நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். அமெரிக்காவுக்குப் போய், 1940களில் லெடர்லி ஆய்வுகூடத்தில் அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. ஸ்புரூ நோயாளிகளைத் தேற்றிய விற்றமின் அது. அப்புறம் அதன் வடிவத்தில் சின்ன மாற்றம் செய்து, கலங்கள் போலிக் அமிலத்தைப் பயன்படுத்த விடாமல் தடுக்கும் மருந்துகளையும் அதே குழு உருவாக்கியது. மெத்தோட்ரெக்சேட் அதில் ஒன்று. அதற்கு மூத்ததான அமினோப்டெரினைத்தான் பொஸ்டனில் சிட்னி பாபர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். புற்றுநோய் மருந்து என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

அமினோப்டெரின் மூட்டு வீக்கத்தையும் குறைக்கிறது என்று 1951இலேயே கண்டார்கள். ஆனால் அப்போது எல்லோருடைய கண்ணும் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தின் மேல். அதன் கண்டுபிடிப்புக்கு 1950இல் நோபல் பரிசும் கிடைத்திருந்தது. அதைத் தொடர்ந்து எடுத்தால் முகம் ஊதுவதும் எலும்பு தேய்வதும் தெரியவந்த பிறகுதான் மற்ற வழிகளைத் தேடினார்கள். 1980களில் மெத்தோட்ரெக்சேட்டை முறையாகப் பரிசோதித்து, 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதித்தார்கள். சுப்பாராவ் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1948இலேயே காலமாகிவிட்டார். அவருக்கு நோபல் கிடைக்காதது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

சரி, அம்மாவின் குளிசைக்கு வருவோம். புற்றுநோய்க்குச் சிலவேளை கிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். வாதத்துக்குக் கிழமைக்கு ஒரே ஒரு நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். இந்தச் சின்ன அளவில் அது, சொந்த மூட்டையே பகையென்று தாக்கும் நோயெதிர்ப்புக் கலங்களை அடக்குகிறது. பெனடோலும் எண்ணெயும் நோவைத் தணிக்கலாம், மூட்டு அரிபடுவதை நிறுத்தாது. இந்த மருந்து அதைக் குறைக்கும், ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு கிழமை பொறுக்க வேண்டும். மூன்றாம் கிழமையே "ஒன்றும் கேட்கவில்லை" என்று கைவிட்டவர்களை மாங்குளத்தில் வேலை செய்த காலத்தில் நிறையப் பார்த்தேன். பிறகு விரல் கோணி வந்து நிற்பார்கள். அரிவாள் பிடித்த கை அப்படி ஆவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இதைத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கூடவே போலிக் அமிலமும் தந்திருப்பார்கள். ஆம், அதே சுப்பாராவ் குழுவின் விற்றமின்தான். வாய்ப்புண்ணையும் வயிற்றுப் பிரட்டலையும் குறைப்பதற்கு. இரண்டுமே சின்ன மஞ்சள் குளிசையாக இருக்கலாம், மாறிப்போவது சுலபம். மெத்தோட்ரெக்சேட் பக்கற்றில் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதி வையுங்கள். வற்றாப்பளை அம்மனுக்குரிய திங்கட்கிழமை என்றால் அம்மா மறக்கமாட்டார். கிளினிக்கில் மறுபடி தொடங்கியதும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும். போலிக் அமிலம் கிளினிக்கில் சொன்ன வேறு நாளில்.

காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், வாயில் புண் வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வேறு டொக்டரிடம் மருந்து எடுத்தாலும் இந்தக் குளிசையைப் பற்றிச் சொல்லுங்கள். செப்ரின் என்ற கிருமிக்கொல்லி போன்ற சில மருந்துகள் இதோடு சேரக்கூடாது. வீட்டில் யாராவது கர்ப்பிணி என்றால் அவர் கைபடாத இடத்தில் வையுங்கள்.

நிறுத்தி எத்தனை கிழமை என்பதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். யாரும் ஏசமாட்டார்கள். இரத்தம், ஈரல், சிறுநீரகம் பார்த்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திராமல் இந்தக் கிழமையே போங்கள். பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகளையும் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.