பெங்களூரு வீட்டுத் தோட்டத்தில் பல்லாண்டு ஃபிளாக்ஸ் வளர்க்க முடியுமா?

பல்லாண்டு ஃபிளாக்ஸ் (Phlox paniculata) என்பது ஆண்டுதோறும் வேரிலிருந்து துளிர்த்துக் கொத்தாகப் பூக்கும் தோட்டப் பூச்செடி. இங்கே அது உயிரோடு இருக்கும், ஆனால் பூக்காது என்பதே என் அனுபவம். படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, வேர்க்கட்டைக்குப் பணம் கட்டும் தறுவாயில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜெயநகரில் எங்கள் மொட்டைமாடியில் மூன்று தொட்டிகளில் 'டேவிட்' என்ற வெள்ளை வகையை நட்டேன். 2002ஆம் ஆண்டின் செடியாக அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அறிவித்த வகை அது. சாம்பல் நோயை ஓரளவு தாங்கும் என்றும் பெயர் உண்டு. செம்மண்ணோடு மண்புழு உரம் கலந்து, காலை வெயில் படும்படி வைத்தேன். ஒரு முழம் வளர்ந்தது. ஆகஸ்டு மாதத்துத் தூறலும் மூட்டமுமாகப் பத்து நாள் கழிந்தபின் இலையைத் தொட்டால், கோலமாவு ஒட்டுவதுபோல் விரலில் வெள்ளையாக ஒட்டியது. அடியிலைகள் பழுத்து உதிர்ந்தன. இரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் ஒரு மொட்டுகூட வரவில்லை.

விற்றவரிடம் கேட்டபோது, நான் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டதாகச் சொன்னார். 'எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது' என்று எழுதி விற்றுவிட்டு, வாங்கியவரின் கைமேல் பழியைப் போடுவது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கிழக்கு வட அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி, குளிர்காலத்தில் தண்டு முழுவதும் பட்டுப்போய், வேர் மட்டும் குளிர்ந்த மண்ணில் வாரக்கணக்கில் உறங்கியெழுந்த பிறகு இரண்டு முதல் நான்கு அடி உயரத்துக்குத் துளிர்த்துக் கொத்தாகப் பூக்கும். ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் ஜனவரி இரவுகள்கூடப் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே இருக்கின்றன; அந்த உறக்கத்துக்கு இந்தக் குளிர் போதாது. வேரைத் தோண்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆண்டுதோறும் அப்படிச் செய்ய மனமுள்ளவரை நான் தடுக்கவில்லை.

இப்போது அதே தொட்டிகளில், டெக்சாஸைத் தாயகமாகக் கொண்ட ஓராண்டு வகையான 'டிரம்மண்டி'யை வளர்க்கிறேன். அக்டோபரில், நாற்றுப் பிடுங்கி நடாமல் தொட்டியிலேயே நேரடியாக விதைத்து, ஒளி படாதபடி மெல்லிய மண்ணால் மூடுகிறேன். நான்கு விரற்கடை வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, பொங்கலை ஒட்டிச் சிவப்பும் ஊதாவுமாகத் தொட்டி தெரியாமல் பூக்கிறது. வாங்கும்போது உறையில் 'டிரம்மண்டி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாக்ஸ் என்று மட்டும் இருந்தால் கேட்டுத் தெளிந்த பிறகே வாங்குங்கள்.