மாணவி சொன்னதை நான் போலீசில் சொல்லியே ஆக வேண்டுமா? தலைமையாசிரியர் பொறுங்கள் என்கிறார்

ஆம், சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். தலைமையாசிரியரோ "குடும்ப விஷயம், பெற்றோரை அழைத்துப் பேசிக்கொள்ளலாம்" என்கிறார். புகார் பொய்யாகிப்போனால் உங்கள் மீது வழக்கு வருமோ என்றும் பயப்படுகிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். என்னையும் பொறுக்கச் சொன்னார்கள், நானும் பொறுத்தேன். அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண். (அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் இடத்தை விட்டு எழவில்லை. புத்தகப் பையின் வாரை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "டீச்சர், சனிக்கிழமை வராமலே இருந்தால் நன்றாக இருக்கும்" என்றாள். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் மாமா முறை ஆள் ஒருவரைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். "யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே?" என்று கேட்டாள். மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கவே கூடாத வாக்கு அது.

அன்று மாலையே தலைமையாசிரியரிடம் சொன்னேன். பள்ளியின் பெயர் கெட்டுவிடும், அவசரப்படாதீர்கள் என்றார். மறுநாள் தாயை வரவழைத்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, வெளியே தெரிந்தால் என் மகள் வாழ்க்கை போய்விடும் என்று அழுதார். தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர், நிர்வாகத்திலிருந்து வந்த ஒருவர் என்று ஆளாளுக்கு அந்தப் பெண்ணை உட்காரவைத்து விசாரித்தார்கள். நான் காவல் நிலையத்துக்குப் போனது திங்கட்கிழமை. இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. திங்கட்கிழமை காலை அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நான் பொய் சொன்னேன் டீச்சர்" என்றாள்.

சட்டத்தை நான் வரி வரியாகப் படித்தது அதற்குப் பிறகுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, "யாராக இருந்தாலும்" என்றுதான் சொல்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சரி, சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். ஆசிரியர் தலைமையாசிரியரிடம் சொல்லி, அவர் நிர்வாகத்திடம் கேட்டு, பிறகு காவல் நிலையம் என்ற படிக்கட்டு அதில் எங்கும் இல்லை. மேலிடத்தில் சொல்லிவிட்டதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்தவர் பள்ளி ஊழியராக இருந்து, பொறுப்பில் இருப்பவர் அதை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

இது ஏட்டோடு நின்றுவிட்ட சட்டமும் அல்ல. மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளியின் மாணவியர் விடுதியில் நடந்த கொடுமை தெரிந்திருந்தும் தகவல் தரவில்லை என்று மருத்துவர் ஒருவர் மீது வழக்கு. அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாதது என்று தள்ளியது; தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே கடுமையான குற்றம் என்றது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான் தண்டனை. அவள் சொன்னது உண்மையா என்று நீங்கள் கண்டுபிடிக்கவும் வேண்டாம், அது காவல்துறையின் வேலை. திரும்பத் திரும்ப ஒரு குழந்தையைக் கேட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆசிரியர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு எழுத்துக்கூட வேண்டாம்.

காவல் நிலையம் என்றதும் அந்தப் பெண்ணை அங்கே இழுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஓர் உதவி ஆய்வாளர், சாதாரண நூல் புடவையில், அவள் அத்தை வீட்டுக்கே வந்தார். தரையில் பாயில் உட்கார்ந்தார். அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டே அவள் பேசினாள். "பொய் சொன்னேன் என்று ஏன் சொன்னாய்?" என்று அவர் கேட்கவே இல்லை. இது அந்த அதிகாரியின் நல்ல மனம் மட்டுமல்ல, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. குழந்தை இருக்கும் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். வருபவர் சீருடையில் இருக்கக் கூடாது, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவர் உடன் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். பெண் குழந்தையை மருத்துவப் பரிசோதனை செய்வது பெண் மருத்துவராக இருக்க வேண்டும். நீதிமன்றத்திலும் குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாயிடம் வெள்ளிக்கிழமையே இதையெல்லாம் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால், அவர் அப்படி அழுதிருக்க மாட்டார்.

நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், பதிவு செய்யாத அதிகாரிக்கும் அதே 21ஆம் பிரிவு பொருந்தும் என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்தில் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவளிடம் போய், "நீ சொன்னதை நம்புகிறேன், உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் சொல்லப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்த ஆள் எந்தக் கிழமை வருவார் என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறாளா? அந்தக் கிழமைக்கு முன்பே போய்விடுங்கள்.