குறைமாதக் குழந்தையின் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

குறைமாதத்துல பிறந்த பிள்ளையோட அடுத்த கண் பரிசோதனையை, ஊருக்குப் போயிட்டு 2 மாசம் கழிச்சு வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தள்ளிப்போடாதீங்க. 'விழித்திரை இன்னும் முதிரல, 2 வாரத்துல வாங்க'ன்னு டாக்டர் சொன்னா 2 வாரத்துலயே போகணும். ஊருக்குப் போயிட்டு 2 மாசம் கழிச்சுன்னா சிகிச்சைக்கான நேரமே கடந்துபோயிடலாம்.

விழித்திரை ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு வளர்ந்து முடிய, கர்ப்பக் கணக்குல ஏறக்குறைய 40 வாரம் ஆகும். உங்க பிள்ளை பிறந்தது 30-ஆவது வாரத்துல, இப்போ அதே கணக்குப்படி 34-ஆவது வாரம். ஓரம் இன்னும் வெறுமையா இருக்கும். அங்கே குழாய்கள் தாறுமாறா முளைச்சா அதுதான் ஆர்ஓபி (ROP), அதாவது குறைமாதக் குழந்தைகளுக்கு வர்ற விழித்திரை நோய். முற்றினா விழித்திரையையே இழுத்துப் பிரிச்சிடும். 'கண்ணு பளிச்சுன்னு இருக்கு, வெளிச்சத்தைப் பாக்குறான்'னு எழுதியிருக்கீங்க. ஆரம்பத்துல எல்லாக் குழந்தையும் அப்படித்தான் இருக்கும், வெளியே ஒண்ணும் தெரியாது.

டாக்டர் கொடுத்த பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்க: ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா 'ஸோன்' (விழித்திரையில எந்தப் பகுதி), 'ஸ்டேஜ்' (நோய் எந்த அளவு) எழுதியிருக்கா? 'பிளஸ்'னு (குழாய்கள் வீங்கி நெளிஞ்சிருக்குன்னு அர்த்தம்) இருந்தா இன்னைக்கே டாக்டருக்குப் போன் போடுங்க; லேசர் தேவைப்பட்டா 2, 3 நாளுக்குள்ள செய்யணும்.

ஊருக்குப் போயே ஆகணும்னா, அங்கே குறைமாதக் குழந்தைகளோட விழித்திரை பாக்குறவங்களை முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க. சாதாரணக் கண்ணாடிக் கடைப் பரிசோதனை இதுக்கு உதவாது.

ஒண்ணு மட்டும்: 'முழுசா வளர்ந்துடுச்சு'ன்னு சொன்ன பிறகும் கிட்டப்பார்வை, மாறுகண் வர வாய்ப்பு மத்த பிள்ளைகளைவிட அதிகம். பள்ளி சேரும்வரை வருஷம் ஒருமுறை காட்டுங்க.