ரகசியம் சரி, யாரிடமிருந்து?

கேள்வி: வெளிநாடுகளோடு அரசு செய்துகொள்ளும் ராணுவ ஒப்பந்தங்களை எல்லாம் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். 500 எம்.பி.க்கள் படித்தால் மறுநாளே எதிரியின் கைக்குப் போய்விடாதா? விஷயம் தெரிந்த தளபதிகளிடமும் அதிகாரிகளிடமும் விட்டுவிடுவதுதானே நல்லது?

பதில்: எதிரிக்குப் போய்விடும் என்கிறீர்கள். சரி, எதிரிக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? லாவோஸ் கதையைச் சொல்கிறேன். 1964 முதல் அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்ன நாட்டின்மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் பல கிளம்பியது பக்கத்தில் தாய்லாந்தில் இருந்த தளங்களிலிருந்து. தரையில் மோங் இன மலைவாசிகளைத் திரட்டி சி.ஐ.ஏ. ஒரு தனிப்படையே நடத்திக்கொண்டிருந்தது. தலைமேல் குண்டு விழுந்த விவசாயிக்கு இது தெரியும். எதிரியான வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குத் தெரியும், மாஸ்கோவுக்குத் தெரியும். வருஷா வருஷம் இதற்குப் பணம் ஒதுக்கிக் கையைத் தூக்கிய அமெரிக்க மக்கள் பிரதிநிதிகளில் பெரும்பாலானவர்களுக்குத்தான் தெரியாது. ஒரு சிலருடைய காதில் மட்டும் விஷயத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். இந்த ரகசியத்தை எதிரியிடமிருந்து காப்பாற்றினார்கள் என்று எப்படிச் சொல்வது?

1969இல் செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் தலைமையில் ஒரு துணைக்குழு வேலையை ஆரம்பித்தது. வெளிநாடுகளுக்கு அரசு என்னென்ன வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை. இரண்டு உதவியாளர்களை நாடு நாடாக அனுப்பி நேரில் விசாரிக்கச் சொன்னார்கள். சாட்சியமெல்லாம் மூடிய அறையில்தான், வெளியே விட்ட பிரதிகளிலும் அரசு கேட்டுக்கொண்ட பகுதிகளை அடித்துவிட்டுத்தான் விட்டார்கள். அப்படி வடிகட்டியதிலேயே லாவோஸ் வெளியே வந்தது. வியட்நாமில் நண்பர்கள் தாமாக வந்து தோள் கொடுப்பதாகக் காட்டிக்கொண்டார்களே, அந்தத் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், தென்கொரியப் படைகளுக்கு அமெரிக்காதான் காசு கொடுக்கிறது என்பதும் வெளியே வந்தது. 1969 டிசம்பரிலேயே, லாவோஸுக்கோ தாய்லாந்துக்கோ தரைப்படை அனுப்ப இந்தப் பணத்தில் கைவைக்கக் கூடாது என்று ராணுவ நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்.

அடுத்து 1972இல் வந்தது கேஸ் சட்டம். (வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள், கொண்டுவந்த செனட்டரின் பெயர் கேஸ்.) முறையான உடன்படிக்கை என்ற பெயர் இல்லாமல் அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களையும் 60 நாளுக்குள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். ரகசியமான ஒப்பந்தம் என்றால் இரண்டு அவைகளின் வெளியுறவுக் குழுக்களுக்கு மட்டும், ரகசியம் காக்கும் கட்டுப்பாட்டோடு. உங்கள் பயத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வழி கண்டுபிடித்தாகிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன். விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த அலைவரிசையில் பேசும் என்று எந்த எம்.பி.யும் கேட்க வேண்டியதில்லை. என்ன வாக்குக் கொடுத்தோம், யார் உத்தரவில் நம் ஆட்கள் நடப்பார்கள், எப்போது முடியும், யார் காசு என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இந்தியாவில் இது எப்படி நடக்கிறது? 2016 ஆகஸ்டில் அமெரிக்காவோடு லெமோவா என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவர் படைக்கு மற்றவர் எரிபொருள், பழுதுபார்ப்பு, உதிரிபாகம் கொடுத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 2018இல் தகவல் தொடர்புக்கு காம்காசா, 2020இல் வரைபடத் தகவலுக்கு பெக்கா. நல்ல ஒப்பந்தங்களாகவே இருக்கட்டும், அதைப் பற்றி இப்போது நான் சண்டைக்கு வரவில்லை. நான் சொல்வது வேறு. அன்றைக்கு அமெரிக்கச் சட்டத்தில் இந்த மாதிரி ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப 60 நாள் கெடு இருந்தது. இந்தியச் சட்டத்தில் கெடுவும் இல்லை, அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதாவது, கையெழுத்துப் போட்ட இரண்டு நாடுகளில் ஒரு நாட்டின் உறுப்பினர்களுக்கு மட்டும் அதைப் பார்க்கச் சட்டப்படி உரிமை! அரசியல் சாசனத்தில் ஒன்றியப் பட்டியலின் 14ஆவது இனப்படி, வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பற்றிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்குத் தாராளமாக அதிகாரம் இருக்கிறது. ஒப்பந்தம் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தச் சட்டம் போடுங்கள் என்று 2002இல், அரசியல் சாசனத்தின் செயல்பாட்டைப் பரிசீலித்த வெங்கடாசலய்யா ஆணையமும் சொன்னது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைச் செய்யவில்லை. ஆளுங்கட்சியானதும் ரகசியம் எல்லாருக்குமே இனிக்கத் தொடங்கிவிடுகிறது. 500 பேருக்குக் காட்ட பயமாக இருந்தால், பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு என்று ஒரு குழு 1993இலிருந்தே இருக்கிறதே, இப்போது அதில் 31 பேர்தானே, அது கூடுவதும் மூடிய அறையில்தானே, அங்கேயாவது ஒவ்வொரு ஒப்பந்தமும் போய்ச் சேர வேண்டும் என்று எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்?

தளபதிகளிடம் விட்டுவிடலாம் என்றும் கேட்டீர்கள். 1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதன் பின்னிணைப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது: தேவைப்பட்டால், சண்டை நிறுத்தத்தை உறுதி செய்யவும் நடைமுறைப்படுத்தவும் இந்திய அமைதி காக்கும் படைப்பிரிவை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம். இவ்வளவுதான். மறுநாளே படை போய் இறங்கியது. ஒரு தரப்பு ஆயுதத்தைக் கீழே போடாவிட்டால் என்ன செய்வது, காவல் காக்கப் போனவர்கள் துப்பாக்கியைத் திருப்ப வேண்டி வந்தால் யாரை நோக்கித் திருப்புவது, எப்போது திரும்பி வருவது, ஒன்றுக்கும் அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. அக்டோபரில் புலிகளோடு போர். 1989 ஜூனில், அடுத்து வந்த ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை முடிவதற்குள் கிளம்புங்கள் என்றார். அழைத்த நாடே போகச் சொல்கிறது, இந்திய அரசோ எப்போது போவது என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறது. கடைசி வீரர் கப்பலேறியது 1990 மார்ச்சில். சுமார் 1,200 இந்திய வீரர்கள் திரும்பி வரவில்லை. அந்த மண்ணில் செத்துப்போன தமிழர்களுக்கு எல்லாரும் ஒப்புக்கொள்கிற கணக்கு என்று ஒன்று இன்றுவரை கிடையாது.

முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் வைத்திருந்தால் தடுத்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். 400க்கு மேல் எம்.பி.க்களை வைத்திருந்த அரசு அது, ஓட்டெடுப்பு நடந்திருந்தால் ஊதித் தள்ளியிருக்கும். ஆனால் யாராவது ஒரு எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து 'எப்போது திரும்புவார்கள்?' என்று கேட்டிருப்பார், அதற்கு ஒரு பதில் அவைக் குறிப்பில் ஏறியிருக்கும். தெளிவான உத்தரவு இல்லாமல் காட்டுக்குள் போன தளபதிகளுக்குத்தான் அந்தப் பதில் முதலில் தேவைப்பட்டது.

'இது போர் இல்லை, வெறும் ஒத்துழைப்பு' என்று இன்னொரு பாட்டும் பாடுவார்கள். 2013 ஆகஸ்டில் பிரிட்டன் அரசு, சிரியாவில் ராணுவ நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டு மக்களவையில் 285க்கு 272 என்று தோற்றது. 2015 ஜூலையில் தகவல் உரிமைச் சட்டப்படி யாரோ கேட்ட கேள்வியில்தான் தெரிகிறது, நட்பு நாடுகளின் படைகளோடு இணைத்து அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் விமானிகள் சிரியாவில் ஏற்கெனவே பறந்து தாக்கியிருக்கிறார்கள் என்று. அவர்கள் அந்தந்த நட்பு நாட்டுப் படையின் கட்டளையில் இருக்கிறார்கள், ஆகவே நம் கணக்கில் வராது என்பது அரசின் சமாதானம். சம்பளம் மட்டும் யார் கணக்கிலாம்?

ஜெர்மனியில் இந்த வித்தை செல்லவில்லை. 2003இல் இராக் போர் சமயத்தில் துருக்கி வானில் கண்காணிப்புக்குப் பறந்த நேட்டோவின் அவாக்ஸ் விமானங்களில் ஜெர்மன் வீரர்களும் இருந்தார்கள். வழக்கமான பறத்தல்தான் என்றது அரசு. ஆயுத மோதலில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்தது, ஆகவே நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்று 2008 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பார்த்தது ஆட்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை. காகிதத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை அல்ல.

நண்பன் கோபித்துக்கொள்வான் என்ற கவலையும் வேண்டாம். 2003 மார்ச் 1ஆம் தேதி, இராக்கை வடக்கிலிருந்து தாக்க அமெரிக்கப் படைகளை உள்ளே விடலாமா என்று துருக்கி நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவுதானே அதிகம் என்கிறீர்களா? வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 267 தேவை. மூன்று ஓட்டில் போயிற்று. ஆளுங்கட்சிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்த அவை அது. வாஷிங்டன் கொதித்தது உண்மை. ஆனால் துருக்கி இன்றைக்கும் நேட்டோவில்தான் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, எம்.பி.க்களின் லட்சணத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 2017 அக்டோபரில் நைஜர் நாட்டில் நான்கு அமெரிக்க வீரர்கள் பதுங்கித் தாக்கியவர்களிடம் சிக்கிச் செத்தார்கள். அங்கே நமக்கு ஆயிரம் பேர் இருப்பதே எனக்குத் தெரியாது என்று தொலைக்காட்சியில் சொன்னார் செனட்டர் லிண்ட்சே கிரஹாம். அவர் ராணுவ விவகாரக் குழுவிலேயே இருந்தவர். நைஜரில் 645 பேர் இருக்கிறார்கள் என்று அதே ஆண்டு ஜூன் மாதம் ஜனாதிபதியிடமிருந்து நாடாளுமன்றத்துக்குக் கடிதம் போயிருந்தது, ரகசிய முத்திரைகூட இல்லாமல். 500 எம்.பி.க்கள் படித்தால் என்ன ஆகும் என்றுதானே கேட்டீர்கள்? முதலில் படிக்கட்டும் ஐயா!