டிராகனுக்கு ஒரு நியாயம், கறுப்புச் சதுரத்துக்கு வேறொரு நியாயமா?

வாசகி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்திருந்தது. மிகுபுனைவு நாவல்கள், நவீன ஓவியம் ஆகிய இரண்டைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் தம் கருத்துகளைச் சொல்லி, இடையிடையே கேள்விகளையும் கேட்டிருந்தார். இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வரைபடத்தில் இல்லாத நாடு, மந்திரவாதி, டிராகன் என்று ஆயிரம் பக்கத்துக்கு எழுதியிருந்தாலும் அலுப்பில்லாமல் படிப்பவள் நான். ஆனால், நவீன ஓவியங்கள் மாட்டியிருக்கும் கூடத்துக்குள் நுழைந்தால் பத்தே நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடுகிறது. "இல்லாத டிராகனை நம்புகிறவள், புரியாத ஓவியத்தை மட்டும் ஏன் ஏமாற்று என்கிறாய்? இரண்டுமே நிஜத்தைக் கைகழுவியவைதானே?" என்று என் கணவர் சீண்டுகிறார். என் ரசனையில் முரண்பாடு இருக்கிறதா?

பதில்: இல்லை. உங்கள் கணவர் கேட்டது கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் அவர் 'நிஜத்தைக் கைகழுவுதல்' என்று ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு வேறு காரியங்கள்.

மிகுபுனைவு, சொல்லப்படும் பொருளைத்தான் நிஜத்திலிருந்து விலக்குகிறது. சொல்லும் முறையில் அது பெரும்பாலும் பழைமைவாதி. டிராகன் இல்லாத பிராணி என்றாலும், அதன் செதிலின் நிறம், மூச்சின் நாற்றம், அது படுத்துக் கிடந்த இடத்தில் கருகிப்போன புல் என்று எழுதிக்கொண்டு போகிற கை, பத்தொன்பதாம் நூற்றாண்டு யதார்த்த நாவலாசிரியரின் கைதான். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற பெருங்கதையில், உலகத்தையே காப்பாற்றும் பயணத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் தோழன் ஒருவன் கயிறு எடுத்துவர மறந்துவிட்டோமே என்று வருந்துகிறான். இன்ன இரவில் நிலா எந்தப் பிறையில் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, பொருந்தாத இடங்களைத் திருத்தியவர் அவர். இத்தனை சில்லறை விவரங்களையும் சரியாக வைத்துக்கொண்டுதான் அந்த எழுத்து நம்மை ஒரு பெரிய பொய்யை நம்பவைக்கிறது.

நவீன ஓவியம் நேரெதிர்த் திசையில் போனது. பிக்காசோவும் பிராக்கும் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த கியூபிச ஓவியங்களில் இருப்பவை கிடார், புட்டி, புகைக்குழாய், செய்தித்தாள் போன்ற சாதாரணப் பொருள்கள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பார்க்கும் முறை ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் நின்று பார்க்கும் ஒற்றைக் கண்ணை விட்டுவிட்டு, ஒரு பொருளின் பல பக்கங்களையும் ஒரே பரப்பில் கொண்டுவர முடியுமா என்று அவர்கள் சோதித்தார்கள். 1839-இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பிறகு, உருவச் சாயலைப் பிடித்துத் தருவது ஓவியரின் தனிச்சொத்தாக இருக்கவில்லை என்பதும் இதற்கொரு பின்புலம். எனவே பொருள் விசித்திரமாக இருப்பதை விரும்பும் ஒருவருக்கு, மொழி விசித்திரமாக இருப்பது பிடிக்காமல் போவதில் வியப்பொன்றும் இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பெல்ஜிய ஓவியர் மக்ரித் 1938-இல் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு: அமைதியான ஓர் அறை, சுவரில் கணப்பு அடுப்பு, அதன் மேல் கடிகாரம், கண்ணாடி, மெழுகுவத்தித் தாங்கிகள். அடுப்பின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு புகை கக்கியபடி ஒரு ரயில் எஞ்சின் வெளியே வருகிறது. அந்தப் புகை ஒழுங்காக அடுப்பின் புகைபோக்கி வழியே மேலே போகிறது. இதைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வராது என்று நினைக்கிறேன். இதுவும் நவீன ஓவியம்தான். ஆனால் மரச்சட்டத்தின் பளபளப்பு வரை பழைய முறையில் தீட்டப்பட்டது. அதனால் உங்கள் கணக்கில் இது டிராகன் கட்சியில் சேர்ந்துவிடும்.

கேள்வி: வெறும் கறுப்புச் சதுரத்தை வரைந்து அருங்காட்சியகத்தில் மாட்டியிருக்கிறார்களே, அதை ஒரு சிறுபிள்ளையும் வரைந்துவிடாதா?

பதில்: நீங்கள் சொல்வது ரஷ்ய ஓவியர் கசிமிர் மலேவிச்சின் ஓவியம். 1915 டிசம்பரில் பெத்ரோகிராடில் நடந்த கண்காட்சியில், ரஷ்ய வீடுகளில் புனிதப் படங்களை வைக்கிற வழக்கமுள்ள அறை மூலையில், இரண்டு சுவர்களும் கூரையும் கூடுகிற உயரத்தில், அவர் அதை மாட்டினார். தெய்வப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரத்தைக் கண்ட அன்றைய பார்வையாளருக்கு அது என்ன அதிர்ச்சியைத் தந்திருக்கும் என்பதை, வெள்ளைச் சுவரில் வரிசையாகத் தொங்கும் படங்களுள் ஒன்றாகப் பார்க்கிற நாம் முழுதாக உணர முடியாது.

அருகில் போய்ப் பார்த்தால் அது முழுமையான சதுரம்கூட இல்லை என்பது தெரியும். பக்கங்கள் லேசாகச் சாய்ந்திருக்கின்றன. ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் அகல உயரமுள்ள அந்தப் பரப்பெங்கும் கறுப்பு வெடித்திருக்கிறது. வெடிப்புகளின் வழியே அடியிலுள்ள வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. 2015-இல் மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடம் எக்ஸ்-கதிர் மூலம் ஆராய்ந்தபோது, கறுப்புக்கு அடியில் முன்பே தீட்டப்பட்ட இரண்டு வண்ண ஓவியங்கள் புதைந்து கிடப்பது தெரியவந்தது.

சிறுபிள்ளை வரைந்துவிடுமா என்றால், கறுப்பு அடிப்பதை எந்தப் பிள்ளையும் செய்யும். ஆனால் அந்த ஆண்டில், அந்த மூலையில், ஓவியத்துக்கு உருவமே வேண்டாம் என்று வாதாடும் பொருட்டு அதை மாட்டுவதற்கு, அதுவரை ஓவியம் நடந்துவந்த பாதை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட படைப்பு ஒரு விவாதத்தின் நடுவே எடுத்துவைக்கப்பட்ட வாதம். விவாதம் தெரியாதவருக்கு அது ஊமையாக நிற்கும். உங்கள் எரிச்சலில் நியாயமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். அந்தச் சதுரத்தைப் பற்றி அறிந்துகொண்டதில் கிடைக்கும் கிளர்ச்சி, அதைக் கண்ணால் பார்ப்பதில் கிடைப்பதைவிட அதிகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அதற்காக உருவம் எதையும் காட்டாத அரூப ஓவியம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மார்க் ரோத்கோவின் பெரிய கான்வாஸ்களுக்கு எந்த விவாதமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெல்லிய வண்ணத்தைப் பூச்சின் மேல் பூச்சாக ஏற்றி, விளிம்புகளைக் கரையவிட்டு, பார்ப்பவர் மிக நெருங்கி நிற்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். அப்படி நின்று கொஞ்ச நேரம் போனால், செவ்வகங்கள் அசைவது போலவும் பின்வாங்குவது போலவும் கண்ணுக்குத் தோன்றத் தொடங்கும். அச்சுப் படத்தில் இது கிடைக்கவே கிடைக்காது. ரோத்கோவைப் புத்தகத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமுண்டு.

கேள்வி: சுவரில் ஒட்டிய வாழைப்பழம் கோடிக்கணக்கில் விலைபோனதே! எது கலை என்று யார்தான் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: மவுரிசியோ கட்டெலான் 2019-இல் மயாமி கலைச் சந்தையில் நாடா போட்டு ஒட்டிய பழம் அது. அப்போதே 1,20,000 டாலருக்குப் போனது. 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் கட்டணங்களும் சேர்த்து 62 லட்சம் டாலரைத் தொட்டது. ஏலத்தில் எடுத்தவர் பழத்தைத் தின்றும்விட்டார். அவர் வாங்கியது சான்றிதழையும், புதிய பழத்தை எப்படி ஒட்டுவது என்ற குறிப்பையும்தான் என்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், சந்தையைக் கேலி செய்யும் நகைச்சுவைத் துணுக்கு அது. சந்தையே அதற்கு விழுந்து விழுந்து சிரித்துக் காசு கொடுத்துவிட்டது. அந்தத் தொகை பணக்காரர்களைப் பற்றிய செய்தி. கலையைப் பற்றி அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள ஏதும் இல்லை.

யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு ஒருமுறை நீதிமன்றமே பதில் சொல்ல நேர்ந்தது. சிற்பி பிரான்குஷ் பறவையின் பறத்தலை வெண்கலத்தில் வடித்த, மேல்நோக்கி எழும் பளபளப்பான வடிவம் ஒன்று 1926-இல் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கியது. கலைப்படைப்புக்குச் சுங்கவரி கிடையாது. ஆனால் இறகும் இல்லை, அலகும் இல்லை, இது எங்கே பறவை என்று கேட்ட அதிகாரிகள், உலோகப் பொருள் என்று சொல்லி 40 சதவீத வரி போட்டார்கள். வழக்கு நடந்தது, சிற்பிகளும் விமர்சகர்களும் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். இயற்கையைப் பிரதி எடுக்காமல் கருத்தை வடிவமாக்க முயலும் புதிய கலைப்பள்ளி ஒன்று உருவாகியிருக்கிறது என்பதை ஏற்று, 1928-இல் நீதிமன்றம் சிற்பிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தப் புதிய கலை நீதிபதிக்குப் பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தத் தீர்ப்பில் இல்லை. உங்களுக்கும் இல்லை.

கேள்வி: மிகுபுனைவிலும் எனக்குக் குறைகள் உண்டு. நாயகன் மாட்டிக்கொண்டால், அதுவரை கேள்விப்படாத மந்திரம் ஒன்று முளைத்துவிடுகிறது. நல்ல மிகுபுனைவை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: குறையைச் சொல்லும்போதே விடையின் பாதியையும் சொல்லிவிட்டீர்கள். எதுவும் நடக்கலாம் என்ற உலகத்தில் எது நடந்தாலும் நமக்கு அக்கறை இருக்காது. மந்திரத்துக்கு ஒரு விதியும், அதைப் பயன்படுத்துவதற்கு ஒரு விலையும் இருக்கும்போதுதான் கதைக்குள் ஆபத்து நுழைகிறது.

நம் மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபியை எடுத்துக்கொள்ளுங்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்றதும், இனிக் கதையில் சிக்கலே இருக்காது என்று நினைப்போம். சாத்தனார் அப்படி விடவில்லை. அதை முதலில் பெற்ற ஆபுத்திரன் ஊரின் பசியைத் தீர்க்கிறான். இந்திரன் நேரில் வந்து வரம் தருவதாகச் சொல்லியும் அவன் பொருட்படுத்தவில்லை; சினந்த இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டைச் செழிக்கவைக்க, உண்ண வருவாரே இல்லாமல் போகிறார்கள். பசித்தவரைத் தேடிக் கப்பலேறிப் போகிறவன், வழியில் மணிபல்லவத்தில் தவறுதலாகத் தனியே விடப்படுகிறான். ஆளில்லாத தீவில், ஊருக்கே சோறிடும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள மனமில்லாமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகிறான். பிற்பாடு அது மணிமேகலையின் கைக்கு வந்த பிறகும், அதில் முதல் பிச்சையை ஆதிரை என்னும் கற்புடைய பெண் இட வேண்டியிருக்கிறது. அற்புதத்துக்குச் சில நிபந்தனைகளைப் போட்டதாலேயே அது மனிதர்களின் கதையாகிவிடுகிறது. இன்றைக்கு மந்திர அமைப்பு என்று பட்டியல் போட்டு நாவலின் பின்னிணைப்பில் சேர்க்கிறவர்கள், இந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டு எழுத உட்காரலாம்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய தீவுலகக் கதைவரிசையிலும் இந்தக் கண்டிப்பு உண்டு. ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதை ஆள முடியும். ஆனால் எதை மாற்றினாலும் உலகின் சமநிலை அசையும். செருக்கினால் இறந்தவரின் ஆவியை அழைக்கும் இளம் மந்திரவாதி தன்னோடு ஒரு நிழலையும் அவிழ்த்துவிட்டுவிடுகிறான். முதலில் அது அவனைத் துரத்துகிறது, பிறகு அவன் அதைத் துரத்த வேண்டியிருக்கிறது. எந்தப் புதிய மந்திரமும் இடையில் வந்து அவனைக் காப்பாற்றுவதில்லை.

வம்சாவளிப் பட்டியலையும் நீளமான பாடல்களையும் தாண்டிப் போய்விடுவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகத் தாண்டலாம்.

கேள்வி: இவற்றைப் படிப்பது வாழ்க்கையிலிருந்து தப்பித்து ஓடுவது என்று நண்பர்கள் சொல்வதற்கு என்ன பதில் சொல்லலாம்?

பதில்: டோல்கீன் 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலேயே இதற்கு விடை சொல்லியிருக்கிறார். சிறைப்பட்டவன் தப்பிக்க நினைப்பதையும், படைவீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான், ஆனால் எல்லா மிகுபுனைவுக்கும் அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. அநாதைப் பையன் கடைசியில் அரச வாரிசு என்று தெரியவருகிற, பகைவர்கள் அனைவரும் பிறவியிலேயே கெட்டவர்களாக இருக்கிற நாவல்கள் களத்தைவிட்டு ஓடுகிறவைதான். அவற்றை வாசித்தாலும் குற்றமில்லை. களைப்பாக இருக்கும்போது நானும் வாசிப்பதுண்டு.

கேள்வி: ஒருவேளை நவீன ஓவியத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தால், எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மோன்ட்ரியானின் மரங்களிலிருந்து தொடங்குங்கள். கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களுமாக அவரை அறிந்திருப்பீர்கள். அந்தக் கட்டங்களுக்கு வருவதற்கு முன், 1908-ஐ ஒட்டி அவர் தீட்டிய சிவப்பு மரம், யார் பார்த்தாலும் மரம். 1911-இல் வந்த சாம்பல் நிற மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகி, அவற்றுக்கு இடைப்பட்ட வானமும் கிளைகளுக்குச் சமமான கனத்தோடு நிற்கிறது. அடுத்த ஆண்டின் பூத்த ஆப்பிள் மரத்தில் பூவும் இல்லை, பழமும் இல்லை. வில் போன்ற கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், ஓவியர் எதை விட்டுவிட்டு எதை வைத்துக்கொண்டார் என்பது யாரும் விளக்காமலே தெரியும்.

கலைக்கூடத்துக்குப் போனால் எல்லா அறைகளையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். பெரும்பாலானவை ஓவியத்தைவிடப் புரியாத நடையில் எழுதப்பட்டவை. ஏதேனும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த நிறம் முதலில் பூசப்பட்டது, எது அதன் மேல் ஏறியிருக்கிறது, தூரிகை எங்கே வேகமாகப் போயிருக்கிறது, எங்கே தயங்கியிருக்கிறது என்று பாருங்கள். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்; ஆனால் நீங்கள் பார்த்து முடிக்கும்வரை அவர் எதுவும் பேசக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.