பனி பெய்யாத ஆண்டில் பொருளாளர்

கணக்கு வழக்கு: வாசகர் கேள்விகளுக்குத் தணிக்கையாளரின் பதில்

கேள்வி: தில்லியில் பனிச்சறுக்கில் ஆர்வமுள்ள 52 பேர் சேர்ந்து, சங்கமாகப் பதிவு செய்து, லாப நோக்கமின்றி ஒரு கிளப் நடத்துகிறோம். உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர்கள். ஆண்டுச் சந்தா 3,000 ரூபாய். ஏழு ஆண்டுகளாக நானே பொருளாளர். சென்ற டிசம்பரில் வங்கியில் 9,40,000 ரூபாய் இருந்ததைப் பார்த்துச் செயற்குழு 3,50,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு செட் சறுக்குப் பலகையும் காலணியும் வாங்கியது. பிப்ரவரியில் உத்தராகண்டின் பனிச்சறுக்குத் தலமான ஔலி செல்வதற்கு 26 பேர் தலைக்கு 25,000 ரூபாய் முன்பணத்தை என் கைப்பேசி எண்ணுக்கு யூபிஐ வழியாக அனுப்ப, நான் அதை அதற்கு முன்பே கிளப் கணக்கில் கட்டியிருந்தேன். ஜனவரியில் விடுதிக்கு 2,60,000 ரூபாய் கொடுத்தோம். பனி இல்லாததால் பயணம் ரத்தாயிற்று. விடுதி, அடுத்த ஆண்டு கழித்துக்கொள்ளலாம் என்கிறது. உறுப்பினர்கள் பணத்தைக் கேட்கிறார்கள். இருப்பு 3,30,000 ரூபாய். அதில் 80,000 ரூபாய் சிறுவர் பயிற்சிக்கென்று ஒருவர் தந்த நன்கொடை. நான் விலக விரும்பினாலும் பொறுப்பேற்க ஒருவரும் முன்வரவில்லை. அமெரிக்காவில் உள்ள என் தங்கை உதவுவதாகச் சொல்கிறாள், பெறலாமா? (மயூர் விஹார் வாசகர்)

பதில்: நீங்கள் தந்திருக்கும் தொகைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, எங்கும் பணம் காணாமல் போகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தகைய நேரத்தில் எல்லோரும் பொருளாளரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பிழை டிசம்பரிலேயே நடந்துவிட்டது. அன்று வங்கியில் இருந்த தொகையில் 6,50,000 ரூபாய் பயண முன்பணம். பயணம் நடந்து முடியும்வரை அது கிளப் பட்டிருக்கும் கடன். 80,000 ரூபாய் சிறுவர்களுடையது. கிளப்புக்கென்று இருந்தது 2,10,000 ரூபாய் மட்டுமே. அடகுக் கடையில் உள்ள நகையெல்லாம் கடைக்காரருடையது என்று எண்ணுவதைப் போல, வங்கிப் புத்தகத்தின் கடைசி வரியைப் பார்த்துச் செயற்குழு முடிவெடுத்துவிட்டது.

இப்போதைய நிலையைப் பார்ப்போம். ஒவ்வொருவரின் 25,000 ரூபாயில் 10,000 ரூபாய் விடுதியில் இருக்கிறது. மீதி 15,000 ரூபாய் வீதம் 26 பேருக்கு 3,90,000 ரூபாயைக் கிளப் உடனே தர வேண்டும். சிறுவர் நிதியைத் தொடக்கூடாது என்பதால் கையில் உள்ளது 2,50,000 ரூபாய். குறைவது 1,40,000 ரூபாய். டிசம்பரில் சக்திக்கு மீறிச் சாமான் வாங்கிய தொகையும் சரியாக அவ்வளவுதான். ஆகவே பள்ளத்தை அந்தச் சாமானைக் கொண்டே நிரப்புங்கள்: பன்னிரண்டில் ஆறு செட்டை, சற்றுக் குறைந்த விலைக்கேனும், உறுப்பினர்களுக்கே விற்றால் ஏறக்குறைய அந்தத் தொகை வந்துவிடும். வரப்போகும் ஆண்டின் சந்தாவை இதில் போடாதீர்கள். போட்டால் அடுத்த மார்ச்சில் இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள். விடுதியில் நிற்கும் 10,000 ரூபாயை யார் சுமப்பது என்பது, முன்பணம் வாங்கும்போது ரத்து பற்றி என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றும் எழுதித் தரவில்லை என்று ஊகிக்கிறேன். அப்படியானால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டி, அடுத்த ஆண்டு வருவோருக்கு அதை வரவு வைக்கவும், வராதவரின் இடத்தை வேறொரு உறுப்பினர் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளவும் விடுதியின் சம்மதத்தோடு தீர்மானம் போடுவதே நியாயம்.

பனி பொய்ப்பதை இனி எதிர்பாராத விபத்தென்று பயணத் திட்டத்தில் ஒதுக்கிவிட முடியாது. நம் மலைகளின் குளிர்காலப் பனி, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்களை நம்பியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஔலியில் நடக்க வேண்டிய தேசியப் போட்டிகள் பனியின்மையால் நடக்கவில்லை. 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் சரிவுகள் வெறும் புல்லாகக் கிடந்தன. 2025-இல் அங்கே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. எனவே ஒவ்வொரு பயணத்துக்கும் தனி வரவு செலவு வேண்டும். எந்தத் தேதிக்குள் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பது ரசீதிலேயே அச்சாக வேண்டும். கிடங்கு வாடகை, தணிக்கைக் கட்டணம் போன்ற ஓராண்டு நிலைச் செலவுக்குச் சமமான தொகையைச் சில ஆண்டுகளில் சேமித்து நிரந்தர வைப்பில் போட வேண்டும். அந்த வைப்பின் வட்டி, உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டிய பணத்துக்குரிய வரிச் சலுகையில் அடங்காது என்பதைப் பெங்களூர் கிளப் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வட்டியைக் கணக்கில் காட்டிவிடுங்கள்.

இனி நீங்கள் விலகுவது பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள்: ஏழு ஆண்டுகளில் நீங்கள் ஒரு பதவியை வகிக்கவில்லை, நான்கு வேலைகளைச் செய்திருக்கிறீர்கள். பணம் வாங்குவது, எழுதுவது, செலுத்துவது, பயணத்தில் ஆட்களைக் கூட்டிச் சேர்ப்பது எல்லாம் ஒரே கைப்பேசிக்குள் இருக்கின்றன. அதைப் பார்க்கிற எவருக்கும், அலுவலகம் முடிந்து மெட்ரோவில் வீடு திரும்பும் களைப்பில், "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல மனம் வராது. வேலையைப் பிரித்துக் காட்டினால் ஆள் கிடைப்பதை நான் பல சிறு சங்கங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பயணப் பொறுப்பாளர் இருக்கட்டும். அவருடைய கணக்கு பயணம் முடிந்த பதினைந்து நாளில் முடிந்துவிட வேண்டும். மூன்று மாதம் மட்டுமே சுமக்கும் வேலைக்குத் தயங்குபவர் குறைவு. காசோலையில் இருவர் கையெழுத்து, மாதம் ஒருமுறை மூன்றாமவர் வங்கிப் பட்டியலோடு குறிப்பேட்டை ஒப்பிடுதல், ஓராண்டு உங்கள் பக்கத்தில் அமரும் துணைப் பொருளாளர், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக்கூடாது என்ற விதி ஆகியவற்றைப் பொதுக்குழுவில் கொண்டு வாருங்கள். தேர்தல் முடிந்ததும், 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி, பொதுக்குழு நடந்த பதினான்கு நாளுக்குள் புதிய நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் தர வேண்டும். இதைப் பல சங்கங்கள் மறந்துவிட்டு, பிறகு கையெழுத்து மாற்ற வங்கிக்குப் போய்த் திரும்பி வருகின்றன.

உங்கள் எண்ணுக்குப் பணம் வருவதை இன்றே நிறுத்திவிட்டு, கிளப் கணக்குக்கே க்யூஆர் அட்டை வாங்குங்கள். உங்கள் நாணயத்தில் எனக்கு ஐயமில்லை; ஆனால் 6,50,000 ரூபாய் உங்கள் சொந்தக் கணக்கில் வரவாகி நிற்பதை வருமான வரித்துறை கேட்டால், ஒவ்வொரு வரவுக்கும் விளக்கம் தர வேண்டியவர் நீங்கள்தான். இந்த 26 வரவுகளுக்கும், கிளப் கணக்குக்கு மாற்றிய தேதிகளுக்கும் ஒரு பட்டியல் எழுதி, தலைவரிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரானால், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவரானால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென்று உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும், புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் இல்லாமல் கிளப் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. கிளப்புக்கென்று பழைய சறுக்குப் பலகைகளை அவர் பெட்டியில் போட்டு அனுப்பினாலும் இதே விதிதான்.