மத்தளமும் பொ.ம.சி.யும்

அன்புள்ள ஐயா,

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் தரம் 6, 7 வகுப்புகளுக்குக் கணிதமும் வரலாறும் கற்பிக்கிறேன். ஆசிரியர் போதாத பாடசாலை என்பதால் இரண்டும் என் தலையில் விழுந்தன. சென்ற தவணையில் நடந்த பயிற்சியொன்றில், எல்லாப் பாடங்களையும் பாட்டு, நடிப்பு, சித்திரம் ஆகியவற்றோடு இணைத்துக் கற்பிக்கும்படி சொன்னார்கள். எப்படி என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் கோவலன் கூத்து ஆடிய அண்ணாவியார் (கூத்துப் பழக்குபவர்) ஒருவர் இருக்கிறார். தமிழ்மொழித் தினப் போட்டி வரும்போது மட்டும் அவரைத் தேடிப் போவோம். பெற்றோரோ, “ஆடிப் பாடினால் புள்ளி வருமா?” என்கிறார்கள். ஒரு பாடவேளையோ ஒரு மணி நேரம்கூட இல்லை. எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. இது உண்மையில் பயனுள்ள முறைதானா, இன்னொரு சுமையா? வகுப்புகளுக்கிடையே சுவரில்லாத எங்கள் மண்டபத்தில் மத்தளம் அடித்தால் பக்கத்து வகுப்பு என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்பின் ஆசிரியைக்கு,

முதலில் என் தோல்வியொன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில் நான் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், நீர்வட்டத்தைக் கூத்து மெட்டில் பாட்டாகக் கட்டிப் பிள்ளைகளுக்குப் பழக்கினேன். கடல், ஆவி, முகில், மழை, குளம் என்று வரிசையாக வரும் பாட்டு அது. பிள்ளைகள் இடைவேளையிலும் அதையே பாடித் திரிந்தார்கள், அதிபர் மகிழ்ந்தார், நான் அவரைவிட மகிழ்ந்தேன். தவணைப் பரீட்சையில், “குளத்து நீர் கொதிக்காமலே எவ்வாறு ஆவியாகிறது?” என்று ஒரு வினா வைத்தேன். பெரும்பாலான விடைத்தாள்களில் என் பாட்டின் இரண்டாம் அடி எழுத்துப் பிசகாமல் இருந்தது. விளக்கம் ஒன்றிலும் இல்லை. பாட்டு நினைவுக்கு உதவியிருந்தது. ஆனால் அந்த வினாவைப் பற்றி யோசிக்கும் தேவையை அது எந்தப் பிள்ளைக்கும் ஏற்படுத்தவில்லை. பாடத்தின் மேல் கலையைப் பூசும் இந்த வேலையைத்தான் பல பயிற்சிகளில் ஒருங்கிணைப்பு என்று காட்டுகிறார்கள். அப்படியானால் அது சுமைதான் என்று தயங்காமல் சொல்வேன்.

இனி உங்கள் கணிதத்துக்கு வருவோம். பொது மடங்குகளுட் சிறியதை (பொ.ம.சி.) கற்பிக்கும் நாளில் அண்ணாவியாரை வகுப்புக்கு அழைத்து, மத்தளத்தில் சீரான தட்டு மட்டும் தரச் சொல்லுங்கள். வகுப்பை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவு ஒவ்வொரு மூன்றாம் தட்டிலும் மற்றப் பிரிவு ஒவ்வொரு நான்காம் தட்டிலும் கைதட்டட்டும். இரு பிரிவும் சேர்ந்து தட்டும் முதல் இடம் எது என்பதைத் தட்டத் தொடங்கும் முன்னரே ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 12 என்று பலர் எழுதுவார்கள், 12இல் சேரும், எல்லோரும் ஆரவாரிப்பார்கள். அங்கே பாடம் இன்னும் தொடங்கவில்லை. அடுத்ததாக 4ஐயும் 6ஐயும் கொடுங்கள். முன்னர் பெருக்கிப் பார்த்து வென்றவர்கள் இப்போதும் பெருக்கி 24 என்று எழுதியிருப்பார்கள். ஆனால் 12ஆம் தட்டிலேயே இரண்டு பிரிவின் கைகளும் ஒன்றாக விழுந்துவிடும். அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு சிறு குழப்பம் எழும். சிலர் மற்றப் பிரிவு பிழையாகத் தட்டியது என்று சண்டை பிடிப்பார்கள். அண்ணாவியாரிடம் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். தட்டு மாறாது. 4இலும் 6இலும் பொதுவாக இருக்கும் 2ஐ நாம் இருமுறை எண்ணிவிட்டோம் என்பதை நீங்கள் சொல்லாமலே கண்டுபிடிக்கும் பிள்ளை ஒன்றேனும் இருக்கும். அதன் பின் 6, 8 கொடுத்தால் 48ஐ எழுத யோசிப்பார்கள். இவ்வளவுக்கும் இருபது நிமிடம் போதும். எஞ்சிய நேரம் கரும்பலகைக்கு.

இங்கே தாளம் அலங்காரமாக வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிள்ளை ஒரு முடிவை எடுக்கிறது, அந்த முடிவைத் தாளம் ஏற்கிறது அல்லது மறுக்கிறது. ஆசிரியர் “பிழை” என்று சிவப்பு மையால் சொல்வதற்கும் தன் கையே தன்னைப் பிழை என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். எந்தப் பாடத்துக்கு எந்தக் கலை என்று தேடும்போது இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோலுக்குள் வராத பாடங்களை வழக்கம்போலவே கற்பியுங்கள், அதில் குற்றமில்லை.

வரலாற்றில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு கொழும்பிலுள்ள ஆசிரியருக்குக் கிடைக்காது. கற்சிலைமடு உங்களுக்குப் பக்கத்து ஊர். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி இவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று பிரித்தானியர் ஆங்கிலத்தில் பொறித்து நாட்டிய கல்லுக்காக அந்த ஊர் அறியப்பட்டிருக்கிறது. பண்டாரவன்னியன், பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட வன்னிச் சிற்றரசன். நம் பாடசாலை மேடைகளில் காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்பும் பண்டாரவன்னியனின் வீரமரணமும் எத்தனையோ முறை நடிக்கப்பட்டிருக்கின்றன. கல்லின் வாசகத்தில் இருப்பதோ தோல்வி மட்டும்; மரணம் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் காவலரணைப் பண்டாரவன்னியன் கைப்பற்றியதும் அதில் இல்லை.

இந்த இடைவெளியில் நடிப்புக்கு வேலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதிய வசனத்தைக் கொடுக்காமல், நால்வரை நாற்புறமும் நிறுத்துங்கள்: கல்வெட்டு வாசகத்தை எழுதிக் கொடுக்கும் அதிகாரி, அதைப் பொறிக்கும் கற்கொத்தர், அவ்வழியே மாட்டுவண்டியில் போகும் கமக்காரர், பல ஆண்டுகளுக்குப் பின் அதை நாடகமாக எழுத வருபவர். இந்தக் கல்லில் எதை எழுதலாம், எதை விடலாம் என்று அவர்கள் வாதாடட்டும். வாதத்தில் யாராவது “பண்டாரவன்னியன் இங்கேதான் செத்தான்” என்று சொன்னால், “அது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்க வேண்டியது மற்ற மூவரின் பொறுப்பு. மேடை நாடகத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அந்த நாடகங்களைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் மேடை கேட்பது உருக்கத்தை. வரலாற்றுப் பாடம் கேட்பது சான்றை. இரண்டும் வேறு என்பதை நடித்துப் பார்த்த பிள்ளை விளங்கிக்கொள்ளும் விரைவு எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மாணவர் 2009இல் போர் முடிந்த பின் பிறந்தவர்கள். ஆயினும் அவர்களின் வீடுகளில் அந்த நாட்கள் இன்னும் பேசப்படுகின்றன, அல்லது பேசப்படாமல் இருக்கின்றன. ஒரு பிள்ளை தானாக அதைத் தொட்டால் இடம் கொடுங்கள். நடித்துக் காட்டும்படி கேட்காதீர்கள்.

சித்திரத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம், பாலையிலையை முதலில் நினைவிலிருந்தும் பின்னர் கையில் வைத்துப் பார்த்தும் வரையச் சொல்லிப் பாருங்கள் என்று கூறுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவதானம் என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டியிருக்காது.

பெற்றோரின் கேள்விக்கு நேர்மையான விடை தரவேண்டும். கலை கற்றால் எல்லாப் பாடங்களிலும் புள்ளி ஏறும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வகுப்பறையில் கதைகளை நடிப்பது பிள்ளைகளின் மொழித்திறனை வலுப்படுத்துகிறது என்பதற்கு அதில் நல்ல ஆதாரம் உண்டு. நடிப்புப் பயிற்சியால் பொதுவான கல்வித் தேர்ச்சி கூடுகிறது என்பதற்கு அத்தகைய ஆதாரம் இல்லை. ஆகவே மொழி வளரும் என்று உறுதியோடு சொல்லலாம். மற்றவற்றுக்கு, பொ.ம.சி. வகுப்பின் கொப்பிகளைப் பெற்றோர் கூட்டத்தில் விரித்துக் காட்டுங்கள். 24ஐ வெட்டி 12 என்று பிள்ளை தானே திருத்திய இடத்தைத் தாய்மார் பார்க்கட்டும்.

பாடவும் ஆடவும் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன எதிலும் நீங்கள் பாடவோ ஆடவோ இல்லை. தாளம் அண்ணாவியாருடையது, வினா உங்களுடையது. அவரைப் போட்டிக் காலத்தில் மட்டும் தேடிப் போவது பற்றி நீங்களே மனவருத்தத்தோடு எழுதியதாகத் தோன்றியது. ஒரு தவணைக்கு இருமுறை கணித வகுப்புக்கு வந்தால் அவர் என்ன சொல்வார் என்று அறிய எனக்கும் ஆவல். போக்குவரத்துச் செலவையும் ஒருவேளைச் சாப்பாட்டையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்பார், ஆனாலும் கொடுங்கள்.

மண்டபத்துக்குள் மத்தளம் வேண்டாம். அடுத்த வகுப்பில் வாசிப்பு நடக்கும்போது நம் தாளம் அவர்களுக்குத் தொந்தரவுதான். காலை முதலாம் பாடவேளையில் மரநிழலுக்குப் போய்விடுங்கள். மாரியில் அது முடியாது என்பதால் பொ.ம.சி.யை மழைக்கு முன்னரே முடித்துவிடுவது நல்லது. மழை முந்திக்கொண்டால், கைதட்டுவதற்குப் பதிலாகத் தொடையில் விரலால் தட்டச் சொல்லுங்கள். சத்தம் குறைவதால் கூர்ந்து கேட்டாக வேண்டும். என் வகுப்பில் அந்த முறைதான் நன்றாக வேலை செய்தது.

அன்புடன்.